சொட்டு மருந்து கொடுத்த பிள்ளை

கலைச்செல்வி சாப்பிட்டதெல்லாம் அவளுடைய தாய் மருதாயியின் உடம்பில்தான் ஏறியது. யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள றப்பர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் 1993 முதல் இதுதான் நடப்பு. அந்த வருடம் கலைச்செல்வி எடை குறைந்து பிறந்தாள். தாய் வயிற்றில் பட்டினி கிடந்த பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஊதிப்போவார்கள், சீனி வருத்தம் என்கிற நீரிழிவு பிடிக்கும், முதல் வருடத்திலேயே மருந்து கொடுத்தால் தடுத்துவிடலாம் என்று கொழும்பிலிருந்து வந்த டாக்டர்மார், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் சொன்னார்கள். றப்பர் பால் வெட்டப் போகுமுன் மருதாயி தினமும் பிள்ளையின் நாக்கில் அந்த இனிப்புச் சொட்டுகளை விட்டாள்.

சோறு தின்னத் தொடங்கியதும் பிள்ளை நெடுநெடுவென்று வளர்ந்தாள். சதை மட்டும் தாய்க்குப் போட்டது. மருதாயிக்கு பிளேன்டீயும் ஒரு துண்டு ரொட்டியும்தான் சாப்பாடு. பொங்கலுக்கு மகள் மறுசோறு வாங்கித் தின்றால் மறுநாள் தாயின் ரவிக்கை கிழிந்தது. மலை ஏற முடியாமல் மருதாயி வேலையிலிருந்து நின்றாள். சீனி வருத்தமும் வந்தது. கால் விரல்கள் கறுத்து, ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். புருஷன் முத்துவீரன் லயத்து வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் கிடத்தி, ஆட்களோடு அவளைச் சுமந்து வந்தான்.

அன்று கலைச்செல்வி தட்டைத் தள்ளிவைத்தாள்.

"நான் தின்னா ஒங்களுக்குத்தானே ஏறுது. எனக்கு வேணாம்மா."

"ஏறுனா ஏறிட்டுப் போவுது. எனக்கு வளந்து முடிஞ்சிருச்சி. நீ தின்னுடி."

மகள் கேட்கவில்லை. தாய் கொஞ்சம் வற்றினாள். மகளோ பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். அதன்பின் மருதாயி அவளைப் பக்கத்தில் இருத்தித் தன் கையாலேயே ஊட்டினாள். ஒவ்வொரு கவளத்துக்கும் கட்டில் முனகியது. மகள் அழுதுகொண்டே விழுங்கினாள்.

2007இல் டாக்டர்மார் திரும்பி வந்து கலைச்செல்வியின் இரத்தத்தைச் சோதித்தார்கள். சீனி இல்லை, கொழுப்பு இல்லை. "பேத் வெட கரலா!" என்று சிங்களத்தில் சொன்னார் பெரிய டாக்டர். மருந்து வேலை செய்துவிட்டதாம். முத்துவீரன் உள்ளே கட்டிலைக் காட்டி, "இவளையும் ஒருக்கா பாருங்க சேர்" என்றான். தாய்க்கு நாங்கள் மருந்து கொடுக்கவில்லையே என்று சொல்லிவிட்டு அவர்கள் ஜீப்பில் ஏறினார்கள்.

அடுத்த மாரியில் மருதாயி இறந்தாள். மலைச்சரிவில், வேலைக்குப் போகிற பாதையோரம் புதைத்தார்கள். கலைச்செல்வி வெறும் தண்ணீரோடு சுருண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் முத்துவீரன் சோற்றைப் பிசைந்து நீட்டினான்.

"ஒங்கம்மா பட்ட பாடு வீணாப் போயிரும், புள்ள."

தின்றாள். விடிந்து பார்த்தபோது தாயின் குழிமேடு ஒரு சாண் உயர்ந்திருந்தது.

2009இல் அவளும் பால் வெட்டப் பெயர் பதிந்தாள். வேலை செய்கிற உடம்புக்குப் பசி அதிகம். மேடு வளர்ந்து பாதையை மறித்தபோது, கங்காணி மரங்களுக்கிடையே வேறு பாதை வெட்டச் சொன்னார். ஆட்கள் இப்போது அந்த வழியாகத்தான் போகிறார்கள்.