கம்பியில் மாட்டிய சட்டை

குடியிருப்பில் அவனுக்குக் காத்தாடி என்று பெயர். வைத்தவர் நாலாவது மாடி டியூஷன் டீச்சர். ட்ரோன் விடுகிறான் என்பது ஒரு காரணம். மனைவி இறந்த பிறகு அக்கா வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, காற்று தள்ளுகிற பக்கம் போய்வருகிறான் என்பது இன்னொன்று. பெயர் அவன் காதுக்கும் வந்தது. கோபம் வரவில்லை. அந்த நாட்களில் அவனுக்கு எதுவுமே வரவில்லை.

வேலை இருந்தது. கட்டட வரைபடங்களை வீட்டிலிருந்தபடியே திருத்தி அனுப்புகிற வேலை. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், ஒரு வீட்டுச் சன்னல் இன்னொரு வீட்டுச் சன்னலை முறைத்துக்கொண்டு நிற்காமல் எப்படித் தள்ளி வைப்பது என்பதெல்லாம் தூக்கத்திலும் சொல்வான். முற்பகலில் கை ஓய்ந்ததும் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் திடலுக்கு இறங்குவான்.

அது மனைவி வாங்கிக் கொடுத்தது. அவள் ஒரே ஒரு முறை ஓட்டியிருக்கிறாள், கூடத்துக்குள்ளேயே. சுவரில் முட்டி சோபாவுக்குப் பின்னால் விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ட்ரோன் கிளம்பினால் படப்பிடிப்பும் தானாகத் தொடங்கிவிடும். ஆகவே மெமரி கார்டில் முதல் படம் அதுதான். கூடத்துத் தரை, அவளுடைய பாதங்கள். அந்தக் கார்டை அவன் பிறகு திறக்கவே இல்லை. பறக்கவிடும்போது திரையையும் பார்ப்பதில்லை. அண்ணாந்து பார்ப்பான். வானத்தில் ஒரு புள்ளி ஆடாமல் அசையாமல் நிற்கும். பேட்டரி தீரப்போகிறது என்று கருவி அலறும்வரை நிற்கும். அவ்வளவு நேரமும் அவன் தலைக்குள்ளும் எதுவும் அசையாது. அதற்காகத்தான் விட்டான்.

நிறுத்துகிற இடத்தையும் யோசித்தே வைத்திருந்தான். திடலுக்கு அந்தப் பக்கம் ஓர் அரைகுறைக் கட்டடம் இருந்தது. பங்காளிச் சண்டையில் வேலை நின்று, மேல்தளத்தில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கு வாசல் அடுத்த தெருவில். குடியிருப்பவர் யாரும் இல்லை. யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்றுதான் அந்த மொட்டைமாடிக்கு நேர்மேலே, லென்ஸைக் கீழ்நோக்கித் திருப்பி நிறுத்துவான். ஆனால் அங்கே போகிற வழியில் ட்ரோன் இவர்களுடைய பின்சுவரை ஒட்டித்தான் ஏற வேண்டும். பின்சுவரில் குளியலறைச் சன்னல்கள் இருந்தன.

டீச்சர் அவனை மாடிப்படியில் மடக்கினார்.

“தம்பி, நில்லுங்க. உங்க ஈ தினமும் வந்து எங்க பாத்ரூம் சன்னல்ல மூஞ்சிய வச்சிட்டுப் போகுதே, என்ன விஷயம்?”

“அங்க நிக்காதுங்க. அது மேல போற வழி.”

“வழியா? நீங்களே ஏணி போட்டு எட்டிப் பாத்துட்டு, ‘வழியில வந்துச்சு’ன்னு சொன்னா சும்மா விடுவேனா? எம் பொண்ணு சன்னல்ல துணிய அடைச்சுட்டுக் குளிக்கிறா.”

“நான் படத்தப் பாக்குறதே இல்லைங்க.”

“பாக்காத ஆளுக்கு கேமரா எதுக்கு?”

நியாயமான கேள்வி. விலகி மேலே போனான். மறுநாளும் அதே சுவரை ஒட்டித்தான் விட்டான். மனசு வைத்திருந்தால் திடலின் மறுகோடியிலிருந்து ஏற்றியிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை.

அக்கா அவனுக்காக மாடிக்கு மாடி ஏறி மல்லுக்கு நின்றாள். “எந் தம்பிய சந்தேகப்பட்டா நாக்கு அழுகிடும்” என்கிற அளவுக்குப் போனாள்.

மாமா, அதாவது அக்கா கணவர், வாயே திறக்கவில்லை. மோட்டார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் மேற்பார்வை அவருக்கு. அக்கா காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டு, மிச்சமான திரைச்சீலையில் தைத்த மஞ்சள் பையில் டிபன் பாக்ஸை வைத்து அனுப்புவாள். முன்பெல்லாம் அவர் மச்சானிடம் வானிலைக்கு மேல் பேசியதில்லை. கொஞ்ச காலமாக ஆளே மாறியிருந்தார். சாயங்காலம் வந்ததும் அவன் தோளில் கை போடுவார்.

“மாப்ளே, உன்ன மாதிரி ஒரு ஆளு லட்சத்துல ஒருத்தன்டா.”

“என்ன, திடீர்னு இவ்ளோ பாசம்?” என்பாள் அக்கா.

“வாயடக்கமான பையன். அது எல்லாருக்கும் வராது.”

பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் மேல் வருகிற இரக்கம் என்று அவன் எடுத்துக்கொண்டான். அந்த வகையில் நிறையக் கிடைத்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூலையில் போட்டுவைத்திருந்தான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்க, பேசி முடிச்சுக்கலாம். இல்லேன்னா உங்க வீட்டு ஓனர் காதுல போட வேண்டியிருக்கும். என்னைத் தப்பா நெனக்காதீங்க.” அக்கா வாடகைக்கு இருந்தாள். ஓனர் காலி செய்யச் சொன்னால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தன்னால் அக்கா தெருவில் நிற்கக் கூடாது, தன் பெயர் அக்காவுக்கு முன்னால் கெடக் கூடாது. அவனுக்கு அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது மாமா அவனை ஓரமாக இழுத்தார்.

“மாப்ளே, படம் கிடம் ஒண்ணும் காட்ட வேணாம். மன்னிச்சிருங்க, இனிமே விடலன்னு ஒரு வார்த்த சொல்லிடு. முடிஞ்சுது.”

“நான் தப்பு எதுவும் பண்ணலயே மாமா.”

“எனக்குத் தெரியாதா?” அவன் கையை அழுத்தினார். அடுப்படியில் அக்கா இருக்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். “உனக்குப் புரியுதுல்ல?”

“புரியுது.”

அவனுக்குப் புரிந்தது ஒன்றுதான்: மாமாவும் நம்பவில்லை. தோளில் போட்ட கையெல்லாம் பொய். ரொம்ப நாளைக்குப் பிறகு அவனுக்கு ரோஷம் வந்தது. உள்ளே ஏதோ இன்னும் வேலை செய்கிறது என்று அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட.

செயலாளர் வீட்டுக் கூடத்தில் சோபா நிறைந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளும் நிறைந்திருந்தன. சுவரில் பெரிய டிவி. மாமா கோடுபோட்ட நீலச் சட்டையில் கதவோரம் உட்கார்ந்தார்.

“யாரையும் குத்தம் சொல்லல” என்று ஆரம்பித்தார் செயலாளர்.

“நான் சொல்றேன்” என்றார் டீச்சர்.

அக்கா எழுந்தாள். “எந் தம்பி நிமிந்து ஒரு பொம்பளயப் பாத்ததில்ல.”

“நிமிந்து பாக்கலதாம்மா. மேலேருந்துதானே பாக்குறாரு.”

கூடம் சிரித்தது. அக்காவின் முகம் செத்துப்போனது. அதைப் பார்த்ததும் அவன் சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்தான்.

“எல்லாம் இதுல இருக்கு. போட்டுக் காட்டுறேன். எந்தச் சன்னல்ல நின்னுச்சுன்னு நீங்களே பாருங்க.”

“வேணாம் மாப்ளே.” மாமா பாதி எழுந்துவிட்டார். “எல்லார் வீட்டுச் சன்னலும் அதுல இருக்கும். இது என்ன சினிமாக் கொட்டகையா?”

“பாத்தீங்களா, சொந்த மாமாவே பயப்படுறாரு” என்றார் டீச்சர்.

அவன் மாமாவைத் திரும்பிப் பார்க்காமல் கார்டை ரீடரில் வைத்து டிவியில் செருகினான்.

படங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக வந்தன. முதல் கட்டத்தில் கூடத்துத் தரை, இரண்டு பாதங்கள். உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு அவசரமாகக் கீழே தள்ளினான்.

“அத ஏன் தாண்டுறீங்க?”

“அது எங்க வீடு.”

“நாங்களும் அதத்தானே சொல்றோம், எங்க வீடுன்னு.”

“அதுல என் சம்சாரம் இருக்கா.”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். “விடுங்க தம்பி. வேற போடுங்க.”

கை போன இடத்தில் ஒன்றை அழுத்தினான். சுவர் கீழே இறங்கியது. கழிவுநீர்க் குழாய் ஓடியது. குளியலறைச் சன்னல்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. நாலாவது மாடிச் சன்னலில் ஒரு பழந்துணி திணித்திருந்தது. ட்ரோன் எங்கேயும் நிற்கவில்லை. “நிக்கல, நிக்கல” என்று செயலாளர் கிரிக்கெட் வர்ணனைபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். திடல் வந்தது. பிறகு அந்தப் பாழ்க்கட்டடத்தின் மேல்தளம். படம் அங்கேயே நின்றது.

“இவ்வளவுதாங்க. தினமும் இங்கதான் நிக்கும்” என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் முதல்முறையாகத் திரையைப் பார்த்தான்.

நீட்டிக்கொண்டிருந்த கம்பி ஒன்றில் ஒரு சட்டை மாட்டியிருந்தது. நீலக் கோடு போட்டது. இஸ்திரி கலையாதபடி கவனமாக மாட்டியிருந்தது. பக்கத்தில் இறுகிப்போன சிமெண்டு மூட்டைமேல் பனியனோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலடியில் மஞ்சள் பை. டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல் இடதுகையைத் தூக்கி ஆட்டினார். டிபன் பாக்ஸை உயர்த்தி, வேணுமா என்று கேட்டார். பிறகு உதட்டில் விரலை வைத்தார். கடைசியாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“யாரு இது, அங்க ஒரு...” என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட செயலாளர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பிவிடாமல் இருக்கப் பாடுபட்டார்கள். மாமா இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். அப்படியும் கோடு தெரிந்தது.

“வாட்ச்மேன்” என்றார் டீச்சர், வேகமாக. “அங்க ஒரு வாட்ச்மேன் போட்டிருக்காங்கல்ல.”

“ஆமா, வாட்ச்மேன்தான்” என்றாள் அக்கா. குரலில் ஒரு சுருக்கம் இல்லை.

ஆமாம், வாட்ச்மேன் என்று கூடமே சொன்னது. டிவியை யாரோ அணைத்தார்கள். டீச்சர் எழுந்து அவன் அருகே வந்தார். கேலி போன இடம் தெரியவில்லை.

“உங்க மேல தப்பில்ல தம்பி. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

ஊர் முன்னால் அவன் நல்லவனாகிவிட்டான். நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

படியில் அக்கா முன்னால் போய்விட்டாள். மாமா ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்தார்.

“என்னடா மாப்ளே இப்படிப் பண்ணிட்ட? இத்தன நாள் காப்பாத்திட்டு...”

“எத மாமா?”

“வேல போனத. ஆளக் குறைக்கிறோம்னு அனுப்பிட்டாங்க. வேற தேடிட்டு வீட்டுல சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன். முத நாள் உன் ட்ரோன் தலைக்கு மேல வந்து நின்னப்ப உசிரே போயிடுச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வர பயந்தேன். நீ ஒரு வார்த்த சொல்லல. மறுநாளும் வந்து நின்னுச்சு. சரி, பாத்துட்டான், அக்காகிட்ட சொல்லாம துணைக்கு வந்து நிக்கிறான்னு நெனச்சேன். தனியா திங்கிறோமேன்னு இல்லாம சாப்பிட்டேன்டா.”

“நான் பாக்கவே இல்ல மாமா.”

“ஒரு நாளுமா?”

“ஒரு நாளும்.”

கூடத்தில் மானம் போனபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை. மாமா கைப்பிடியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “சரி” என்றார். “சரி, விடு.”

வீட்டுக்குள் அக்கா இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைச் சட்டைக்கு ஞாயிறு இரவே இஸ்திரி போட்டுவிடுவது அவள் வழக்கம். கை பாட்டுக்கு அதைச் செய்துகொண்டிருந்தது. சட்டையை விரித்த பிறகுதான் நிறுத்தினாள்.

“எங்க போறதுக்கு இத நான் தேய்க்கணும்?”

மாமா தரையைப் பார்த்தார்.

“என்கிட்ட சொல்ல வாய் வரலயா உங்களுக்கு? நான் என்ன, கழுத்தப் புடிச்சுத் தள்ளிருவேனா? அங்க அத்தன பேருக்கு முன்னாடி நானே எம் புருஷன வாட்ச்மேன்னு சொல்ற மாதிரி ஆக்கிட்டீங்களே.” அவள் தம்பி பக்கம் திரும்பினாள். “உனக்குத் தெரியுமா? உன்னப் பாத்துத்தானே கும்பிட்டாரு? நீயும் சேந்துதான் மறைச்சியா?”

இல்லை அக்கா, நான் பார்க்கவே இல்லை. அதுதான் உண்மை. சொன்னால் நம்புவாள். அன்றைக்கு இரண்டாவது முறையாகவும் அவன் குற்றமற்றவன் ஆகிவிடுவான், மாமா மட்டும் ஒண்டியாக நிற்பார்.

“தெரியும்க்கா” என்றான்.

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

அக்கா அடிக்கக் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. கை அப்படியே இறங்கி மேசை விளிம்பைப் பிடித்தது.

“உனக்காக வீடு வீடா சண்ட போட்டேனேடா.”

“ஆமாக்கா.”

“சரி. சொல்லாம இருந்த, விடு. இந்த வெயில்ல மனுஷன் சிமெண்டு மூட்ட மேல உக்காந்திருக்காரே, போய்ப் பக்கத்துல உக்காரணும்னு தோணலயா? ஒரு குடயாவது கொண்டுபோய்க் குடுக்கணும்னு தோணலயா? தெனமும் மேலேருந்து பாத்துட்டே இருந்தியே. எதுவுமே தோணலயா உனக்கு?”

இதற்குப் பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை.

“தோணலக்கா” என்றான்.