டெல்வின் ஆல்ரெட்டின் நிழல்

1947ஆம் ஆண்டு கோடையில், லாஸ் வேகஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகும் நெடுஞ்சாலைக்குக் கூப்பிடு தூரத்தில், மரமோ சுவரோ மேகமோ இல்லாத வெறும் மணல்வெளியில் ஒரு நிழல் விழுந்தது. இன்றுவரை அது அங்கேயே கிடக்கிறது. முதலில் பார்த்தவன் பனிக்கட்டி வண்டி ஓட்டிய ஆஸ்கர். வழியில் டயர் வெடித்துவிட, சரக்கு உருகிவிடுமே என்று பதறி, பாளங்களை அந்த நிழலில் இறக்கி வைத்துவிட்டு ஊருக்கு நடந்து வந்து ஆள் கூட்டிப் போனான். அன்று நூற்றுப் பதின்மூன்று டிகிரி வெயில். திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஒரு பாளம்கூட வியர்த்திருக்கவில்லை. நிழல் ஒரு சிறிய தேவாலயத்தின் தரையளவு இருந்தது. ஓரங்கள் கத்தரியால் வெட்டியதுபோலத் தெளிவு. காலையில் நீளவுமில்லை, மாலையில் சாயவுமில்லை. கால் வைத்தால் நிலவறைக் குளிர்ச்சி. முயல்களும் பல்லிகளும் எங்களுக்கு முன்பே அங்கே குடியேறியிருந்தன. ஊரில் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வட்ட வடிவம், ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு கடி. தீவனக்கடை டெல்வின் ஆல்ரெட்டின் தொப்பி விளிம்பைக் கோவேறு கழுதை ஒன்று கடித்துத் தின்றது ஊரறிந்த வேடிக்கை. ஆகவே அது யாருடைய நிழல் என்று பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. வாய் திறந்து யாரும் சொல்லவில்லை.

டெல்வின் அப்போது காணாமல் போய் ஆறேழு வாரம் ஆகியிருந்தது. அவர் கெட்டிக்காரர் இல்லை, பேச்சாளரும் இல்லை. வைக்கோல் கட்டுக்குள் கல்லை வைத்து எடை கூட்டமாட்டார் என்பதற்காகவே அவரை உரிமக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்திருந்தோம். குழுவில் மூன்று பேர். புதிய சூதாட்ட விடுதி எதுவானாலும் மூவரும் கை தூக்க வேண்டும் என்பது விதி. போர் முடிந்த கையோடு கிழக்கிலிருந்து லூ டார்னோ வந்திருந்தான். கோடையிலும் கோட்டுப் போடுபவன், சவரக் கடையில் தாராளமாக இனாம் வைப்பவன், எல்லோருடைய குழந்தைகளின் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்பவன். 'ப்ளூ ஹெரான்' என்ற பெயரில் நீச்சல் குளமும் நாட்டிய அரங்கமுமாக ஒரு விடுதி கட்டப் போகிறான் என்றதும் கொத்தனார் முதல் பல் வைத்தியர் வரை ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. குழுவில் மருந்துக்கடைக்காரர் கை தூக்கினார். நிலத் தரகர் கை தூக்கினார். டெல்வின் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"சூது வேணாம்னு நான் சொல்லல. அது சட்டப்படிதான் நடக்குது. இவரு யாரு காசைக் கொண்டாந்து இங்க கொட்டுறாருன்னு மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் சிரிக்கிறாரு. சிரிப்புக்கெல்லாம் லைசென்ஸ் குடுக்க முடியாதுங்க" என்றார்.

டார்னோ அதற்கும் சிரித்தான். அடுத்த வாரம் பால் பண்ணைக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு போன டெல்வினின் வண்டி சாலையோரத்தில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆளில்லாமல் நின்றது. குழுவில் அவருடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தார். விண்ணப்பத்தைப் படித்து முடிக்கும் முன்பே அவர் கை மேலே போனது.

டெல்வினின் மனைவி திர்சா நிழலைப் பார்க்க வந்தபோது நாங்கள் விலகி வழிவிட்டோம். அவள் உள்ளே போகவில்லை. விளிம்பைச் சுற்றி நடந்தாள், கடிபட்ட இடத்தில் நின்றாள், அப்படியே திரும்பி ஷெரீஃப் ஹார்லனின் அலுவலகத்துக்குப் போனாள். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"ஹார்லன், நாலு ஆளும் மண்வெட்டியும் குடு. என் வீட்டுக்காரர் அங்கதான் கிடக்காரு."

"திர்சா, உக்காரு. தண்ணி குடி."

"தண்ணி குடிக்க வரல."

"அந்த நிலத்தை ஹோட்டல்காரங்க வாங்கிட்டாங்க. அடுத்தவன் நிலத்துல நான் எப்படித் தோண்டுறது? நிழலைக் காட்டிப் பொணம்னு சொன்னா எந்த ஜட்ஜு கையெழுத்துப் போடுவாரு, நீயே சொல்லு."

"வேற யாரு நிழல்ங்கிற அது?"

ஹார்லன் தன் தொப்பியைக் கையில் எடுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். "யாருதுன்னு எனக்குத் தெரியாதுன்னா சொன்னேன்?" என்றார் கடைசியில். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே திர்சா அவரைச் சாகும்வரை மன்னிக்கவில்லை.

டார்னோவே அவள் வீட்டுக்கு வந்தான். ஒரு கூடை நிறைய பேரிக்காயும், பதப்படுத்திய பன்றித் தொடை ஒன்றும் கொண்டு வந்தான். கடையை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும், அவள் கலிபோர்னியாவில் தங்கை வீட்டுப் பக்கம் போய்க் கடற்காற்று வாங்கலாம் என்றும் சொன்னான்.

"மிஸ்ஸஸ் ஆல்ரெட், நடந்தது நடந்துபோச்சு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றான்.

"என்ன நடந்துச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல. கேட்டுக்கிறேன்."

அவள் பன்றித் தொடையை அவன் கண் முன்னாலேயே தெருநாய்க்குப் போட்டாள். பேரிக்காயை வைத்துக்கொண்டாள்; வீட்டில் சாப்பிடும் வயதில் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள்.

நிழலை மறைக்க டார்னோ பட்ட பாட்டை அவனிடம் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். மேலே தகரக் கொட்டகை போட்டான். நிழல் கொட்டகையின் கூரைமேல் ஏறிக்கொண்டது. தார் ஊற்றினான், தாரைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. திரைப்படக்காரர்களிடம் விளக்குகள் வாடகைக்கு எடுத்து நான்கு பக்கமும் அடித்துப் பார்த்தான். விளக்கடியில் நின்றவர்களுக்குத் தோல் உரிந்ததுதான் மிச்சம். விடுதி திறந்த முதல் கோடையில் விருந்தினர்கள் வெயில் தாங்காமல் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடக்க, ஒரு பெண்மணி மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு நிழலில் படுத்து, பழச்சாறு கேட்டாள். மறுநாள் பத்துப் பேர். அந்த வாரக் கடைசியில் இடத்துக்கு அடிதடி. டார்னோ தன் தலையிலேயே தட்டிக்கொண்டு கொட்டகையைப் பிரித்தான், தாரைச் சுரண்டினான், நீச்சல் குளத்தை நிழலின் ஓரத்துக்கு நகர்த்திக் கட்டினான். நிழல் நாற்காலிக்குத் தனிக் கட்டணம் வைத்தான். வடக்கே பாலைவனத்தில் அரசாங்கம் அணுகுண்டு வெடித்துப் பார்க்கத் தொடங்கிய காலத்தில், விருந்தினர்கள் விடியற்காலையில் கோப்பையும் கையுமாக அங்கே கூடுவார்கள். குண்டின் வெளிச்சத்தில் ஒரு கணம் பூமியில் எந்தப் பொருளுக்கும் நிழல் இருக்காது. டெல்வினுடையது மட்டும் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மற்ற விடுதிக்காரர்களுக்குப் பொறுக்குமா? இரண்டு மூன்று வருடங்களில் பள்ளத்தாக்கில் அங்கங்கே புது நிழல்கள் விழத் தொடங்கின. கணக்கில் வராமல் பின்கட்டு அறைக்குப் போகும் பணத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதப் போவதாகச் சொன்னவன் ஒருவன், முதலாளியின் கண்முன்னே சீட்டாட்டத்தில் தில்லுமுல்லு செய்த இளைஞன் ஒருவன், யூனியன் சேர்க்க வந்த சமையல்காரர் ஒருவர். சமையல்காரர் பருமனானவர், அவர் நிழலில் ஒரு கார் நிறுத்துமிடமே அமைந்தது. சவரக் கடையில் நாங்கள் பேசிக்கொள்வோம்: "இந்த வருஷம் நிழல் நல்லா விழுந்திருக்கு." விருந்தினர் பெருகினார்கள், வேலை பெருகியது. டார்னோ ஆஸ்பத்திரிக்கு ஒரு பகுதி கட்டிக் கொடுத்தான், பள்ளிக்கூட இசைக்குழுவுக்குச் சீருடை வாங்கிக் கொடுத்தான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒருமுறை ப்ளூ ஹெரானின் நிழலுக்கு அழைத்துப்போய் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். பிள்ளைகள் அங்கே பாட்டுப் பாடினார்கள். திர்சாவின் பெண்கள் இருவரும் அன்று காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிடுவார்கள்.

திர்சா கடையைச் சாத்திவிட்டு மத்தியானங்களில் விடுதி வேலிக்கு வெளியே வந்து வெயிலில் நிற்பாள். "நீங்க படுத்திருக்கிறது என் வீட்டுக்காரர் மேல" என்பாள் அருகில் இருப்பவர்களிடம். தொடக்கத்தில் சிலர் எழுந்து போனார்கள். பிறகு அதுவும் விடுதியின் கேளிக்கைகளில் ஒன்று என்று நினைத்துக்கொண்டார்கள். சிகாகோவிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒருவன், "அவரு கனம் தாங்குவாரான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா!" என்று கத்தினான், மனைவி அவன் தோளில் அடித்துச் சிரித்தாள். திர்சாவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். காவலாளிகள் அவளைத் தொடக் கூடாது என்று டார்னோ சொல்லி வைத்திருந்தான். அவளுக்கு முகம் கருத்து, உதடு வெடித்து, ஐம்பது வயதில் எழுபது தெரிந்தது. அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவள் நிழலுக்குள் கால் வைக்கவில்லை.

1958 வசந்தத்தில் டார்னோ தீவனக் கடைக்கு வந்தான். கோட்டு இல்லை, சவரம் செய்த முகமில்லை. கிழக்கே இருந்து விடுதிக்குப் பணம் போட்ட பங்குதாரர்களுக்குப் போகவேண்டிய பங்கில் கை வைத்துவிட்டான் என்று பேச்சு. உண்மையோ பொய்யோ, அவன் விடுதிக்கு யாரோ இரண்டு பேர் வந்து, எதுவும் ஆடாமல், எதுவும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து வெகுநேரம் வாசலையே பார்த்தான்.

"எனக்கும் நிழல் விழுமா, மிஸ்ஸஸ் ஆல்ரெட்?"

"எனக்கு என்ன தெரியும்?"

"எம்மேல நாற்காலி போட்டுப் படுத்து எண்ணெய் தேச்சுக்குவானுங்க. நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது."

"எனக்குப் பதினோரு வருஷமா எறங்கல."

அவன் தலை குனிந்தான். பிறகு நிமிர்ந்து, "உங்காளை எடுத்துத் தர்றேன். நானே தோண்டுறேன். அப்புறம் நான் காணாமப் போனா நீங்க என்னையத் தேடணும். வேற யாரும் தேட மாட்டாங்க" என்றான்.

திர்சா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்த பிறகுதான் பேசினாள். "தேடுறேன்" என்றாள்.

செய்தி ஊருக்குள் பரவியதும் அவள் வீட்டுக்கு ஒரு கூட்டம் போனது. மருந்துக்கடைக்காரர் போனார், பல் வைத்தியர் போனார், சபை மூப்பர் போனார், சலவைக்கடை நடத்திய டெல்வினின் சொந்தத் தம்பி போனார்.

"சகோதரி ஆல்ரெட், எலும்புல என்ன இருக்கு? ஆத்மா ஆண்டவர்கிட்டப் போயாச்சு" என்றார் மூப்பர்.

"அண்ணி, தினமும் ஹோட்டல் துணி நானூறு துண்டு வருது எனக்கு. நிழல் போச்சுன்னா ஹோட்டல் போச்சு. ஹோட்டல் போச்சுன்னா நாம எல்லாரும் மறுபடியும் மண்ணைத்தான் திங்கணும்" என்றார் தம்பி.

"உங்க அண்ணன் மண்ணுக்குள்ளதான இருக்காரு. ஒருநாள் அவரைக் கேட்டியா, எப்படியிருக்குன்னு?"

தம்பி அழுதார். அழுதபடியே, "கொஞ்சம் யோசிங்க அண்ணி" என்றார்.

மறுநாள் உச்சிவெயிலில், விருந்தினர்கள் பார்க்க, டார்னோ பட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிழலுக்கு நடுவே தோண்டினான். இடம் அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. யாரும் உதவவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. டெல்வின் வைக்கோல் நிறப் போர்வையில், முழங்கால்களை மடக்கி, குளிருக்குச் சுருண்டு படுத்தவர்போல இருந்தார். குளிர்ச்சியில் உடல் கெடவே இல்லை. கன்னத்தில், காணாமல் போன அன்று காலை செய்த சவரத்தின் கீறல்கூட அப்படியே இருந்தது. இன்னும் முப்பத்தொன்பது வயதுக்காரராகவே இருந்தார். திர்சா மண்டியிட்டு அவர் முகத்து மணலைத் தன் பாவாடை நுனியால் துடைத்தாள். அவருக்குத் தாய் போல இருந்தாள். ஹார்லன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தூரத்தில் நின்றார். "டெல்வின், எந்திரி, வீட்டுக்குப் போலாம்" என்று அவள் சொன்னது வேலியருகே நின்ற எங்களுக்கும் கேட்டது.

அவரை ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தோம். ஊரே வந்தது, வந்தவர்களில் பாதிப்பேர் அடிக்கடி நெடுஞ்சாலைப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிழல் அவரோடு வந்துவிடும் என்றுதான் அஞ்சினோம். வரவில்லை. கல்லறையில் வெயில் கொளுத்தியது, சவப்பெட்டியின் பித்தளைப் பிடி கையைச் சுட்டது. குழியை மூடி ஜெபம் முடிந்ததும் ஒருவன் காரில் வேகமாக வந்து இறங்கி, மூச்சு வாங்க, "அங்கயேதான் இருக்கு! அப்படியேதான் இருக்கு!" என்றான். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ கைதட்டத் தொடங்கி, நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். டார்னோ தோண்டிய குழியை அன்று மாலையே நிரவி நாற்காலிகளைப் போட்டுவிட்டார்கள். திர்சா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டார்னோ அந்த மாதமே காணாமல் போனான். திர்சா கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினாள். டெல்வினின் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு வறண்ட ஏரிகள், கைவிட்ட சுரங்கங்கள், அணைக்குப் போகும் மலைச்சாலை என்று இலையுதிர் காலம் வரை தேடினாள். அவளைத் தவிர அவனை யாரும் தேடவில்லை. எங்கும் வெயில் ஒரேபோல அடித்தது. அவனுக்கு நிழல் விழவே இல்லை.

அதற்குப் பிறகு கிழக்குக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிழமானார்கள், சிறைக்குப் போனார்கள், அல்லது மகன்களை வக்கீலுக்குப் படிக்க வைத்தார்கள். அவர்கள் இடத்துக்குப் பெரிய கம்பெனிகள் வந்தன. கம்பெனிக்காரர்கள் யாரையும் மணலில் புதைக்கவில்லை என்பதால் புது நிழல்கள் விழவில்லை. ஆகவே இருக்கும் நிழல்களுக்கு மதிப்பு ஏறியது. ப்ளூ ஹெரானை வாங்கிய கம்பெனி அந்த நிழலை நிலப் பத்திரத்திலேயே சேர்த்து எழுதி வாங்கியது. ஊரின் தொடக்க கால வரலாறு என்று ஒரு பலகை வைத்தார்கள். அதில் லூ டார்னோ 'முன்னோடி' என்று இருக்கிறது. டெல்வின் பெயர் இல்லை.

திர்சாவுக்கு எண்பது நெருங்கிய ஒரு ஜூலையில், பெண்கள் இருவரும் வெளியூரில் இருக்க, அவள் நல்ல உடையும் தேவாலயத்துக்குப் போடும் செருப்புமாக ப்ளூ ஹெரானுக்குப் போனாள். மற்றவர்களைப் போலவே கட்டணம் கொடுத்தாள். பணியாள் துண்டு விரித்துக் கொடுத்த நாற்காலியில் மெல்லச் சாய்ந்து, செருப்பைக் கழற்றி, வெடித்த பாதங்களை நீட்டினாள். வேலிக்கு வெளியே நூற்றுப் பத்து டிகிரி. அவளுக்குக் கைகளில் மயிர்க்கூச்செடுத்தது. பக்கத்து நாற்காலியில் கண்ணாடி போட்டுப் படுத்திருந்த இளம்பெண் தலையைத் திருப்பினாள்.

"எவ்வளவு இதமா இருக்கு, இல்லங்களா?"

"அவரு எப்பவுமே அப்படித்தாம்மா" என்றாள் திர்சா.

அவள் விடுதி மேலாளரைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் புன்னகைத்தாள். பிறகு முதுகில் எண்ணெய் தடவிக்கொள்ளக் குப்புறப் படுத்தாள். திர்சா சாயங்காலம் வரை அங்கே தூங்கினாள்.