மூன்று நொடி மெழுகுவத்தி

கிளையன்ட்டுக்கு மெழுகுவத்தி வேண்டும். அதில் அவர் உறுதியாக இருந்தார்.

அவர் நடத்துவது இரங்கல் அறிவிப்புத் தளம். வீட்டில் ஒருவர் இறந்தால் படம், பெயர், இறுதி அஞ்சலி எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒரு பக்கம் போட்டுத் தருவார்கள். வீட்டுக்காரர்கள் அந்த லிங்க்கை எல்லாருக்கும் அனுப்புவார்கள். தளத்தைப் புதிதாகச் செய்யும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. டிசைன் பக்கத்து மேசைக்காரனுக்கு. கண்ணாடி என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். கோடிங் எனக்கு.

"முதல்ல இருட்டு," என்றார் கிளையன்ட். "இருட்டுல மெழுகுவத்தி மெதுவா எரிய ஆரம்பிக்கணும். கீழே 'சிறிது மௌனம் காப்போம்'னு ஒரு வரி. மூணு நொடி. அப்புறம்தான் படம், நேரம், இடம் எல்லாம் ஒண்ணொண்ணா வரணும்."

"நேரத்தையும் இடத்தையும் மேலே போட்டுடலாம் சார். அதைத் தேடித்தான் வருவாங்க."

"தம்பி, துக்க வீட்டு மனநிலை வேற. உங்க வயசுக்கு அது புரியாது."

மேசைக்கு அடியில் கண்ணாடி அவர் காலை மிதித்திருக்க வேண்டும். அவர் அவனைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். என் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். அதனால் என்னோடு யாரும் சண்டை போடுவதில்லை. நான் போட்டாலும் துக்கத்தில் பேசுகிறான் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்று கூட ஒழுங்காக வாதாட முடிவதில்லை.

"மெழுகுவத்தி அழகாத்தான்டா இருக்கும்," என்றான் கண்ணாடி பிறகு, ஜுரக்காரனிடம் பேசுகிற குரலில்.

"நேரம் தெரியாதுடா."

"மூணு நொடிதானே?"

"சரி."

செய்தேன். கஷ்டமான வேலை இல்லை. பக்கத்தில் ஒரு பொருள் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு, ஒப்பாசிட்டி. ஒன்று என்றால் முழுதாகத் தெரியும். பூஜ்யம் என்றால் அங்கேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மௌன வரியைத் தவிர எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்தேன். அனிமேஷன் ஓடும்போது ஒவ்வொன்றாக ஒன்றுக்கு வரும். அசைவு பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள் போனில் அனிமேஷனை நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட போனில் எதுவும் ஓட வேண்டாம் என்று கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. நல்ல பழக்கம் என்று நானே சேர்த்தேன். என் திரையில் பார்த்தேன், கண்ணாடியின் போனில் பார்த்தேன். மெழுகுவத்தி எரிந்தது. வியாழக்கிழமை தளம் வெளியே போனது.

என் மனைவியின் அம்மா என்னோடுதான் இருக்கிறார். மகளின் அடக்கத்துக்கு வந்தவர் போகவில்லை. போகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. போகிறேன் என்று அவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது அத்தை வெளியே கிளம்பும் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பை. உள்ளங்கையில் போன். வாயைத் திறக்கவில்லை.

"எங்கே கிளம்பிட்டீங்க அத்தை?"

உதட்டில் விரல் வைத்தார். பிறகு அவருக்கே அலுத்துவிட்டது போல.

"நெட்டச்சி போயிட்டா மாப்பிள்ளை. என்னோட மாத்திரை கம்பெனியில பேக்கிங்ல இருந்தாளே. அவ பையன் லிங்க் அனுப்பியிருக்கான். மௌனமா இருங்கன்னு போட்டிருக்கு. நானும் அரை மணி நேரமா இருக்கேன். எத்தனை மணிக்குன்னு சொல்லவே மாட்டேங்குது."

போனை வாங்கிப் பார்த்தேன். கறுப்புத் திரை. அடியில் 'சிறிது மௌனம் காப்போம்'. வேறு ஒன்றும் இல்லை.

"போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

"ஒரு தடவை அடிச்சேன், எடுக்கல. சாவு வீட்டுக்குத் திரும்பத் திரும்ப அடிச்சு எப்ப எடுக்கிறீங்கன்னு கேட்பாங்களா? என்ன பேச்சு பேசுறீங்க!"

அவருடைய போனின் செட்டிங்கைத் திறந்தேன். அனிமேஷன் நிறுத்தப்பட்டிருந்தது.

"இதை யார் ஆஃப் பண்ணினது?"

"என் பொண்ணுதான். திரை ஓடினா தலை சுத்துதுன்னு சொன்னேன். நிறுத்திக் கொடுத்தா."

எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்தது நான். ஒன்றுக்குக் கொண்டுவர வேண்டிய அனிமேஷனை இந்த மாதிரிப் போனில் ஓடாமல் தடுத்ததும் நான். லேப்டாப்பைத் திறந்து அதே லிங்க்கைப் போட்டேன். மெழுகுவத்தி நிதானமாக எரிந்தது. மூன்று நொடி என்பது எவ்வளவு நீளம்! கடைசியில் வந்தது. பதினோரு மணி. நகரத்தின் மறுகோடியில் ஒரு அஞ்சலி மண்டபம். அப்போதே பத்தரை தாண்டியிருந்தது.

"மூஞ்சியைப் பார்த்துடணும் மாப்பிள்ளை," என்றார் அத்தை. "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

டாக்சியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கூப்பிட்டேன்.

"லைவ்ல ஓடுற தளத்துலயே கை வைக்கப் போறேன்."

"கிளையன்ட்கிட்ட கேட்டியா?"

"இல்ல."

"டேய், திங்கட்கிழமை பேசிக்கலாம். நீ கொஞ்சம் ரெஸ்ட்..."

"பக்கம் பாதிப் பேருக்குக் கறுப்பா இருக்குடா. சில போன்ல பேட்டரி சேமிப்பைப் போட்டாலே அனிமேஷன் நின்னுடும். அவங்களுக்கும் இதே கதிதான். திங்கட்கிழமை வரைக்கும் செத்தவங்க காத்திருப்பாங்களா?"

"சரி, செய். நான் இங்கே திறந்து பார்க்கிறேன்."

முதலில் எல்லாம் தெரிய வேண்டும். அனிமேஷன் ஓடும் என்று உறுதியான போனில் மட்டும் மறைத்துவைத்துக் காட்டலாம். அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. மெழுகுவத்தியை அடியோடு எடுத்தேன். மௌனத்தை எடுத்தேன். நேரத்தையும் இடத்தையும் உச்சியில் வைத்தேன். டிரைவர் பிரேக் போட்டார். லேப்டாப் முன் சீட்டில் இடித்தது.

"என்ன சார், லீவு நாள்லயும் ஆபீஸ் விடலையா?"

"அவரைப் பேச வைக்காதே தம்பி, ரோட்டைப் பாரு," என்றார் அத்தை. "பின்னாடி வர்ற சைக்கிள்கூட நம்மை முந்துது."

நெட்வொர்க் போய்விட்டது. வந்தது. மறுபடி போனது. திருத்தியதைத் தளத்துக்கு ஏற்றும் கோடு பாதியில் நின்றபடி என்னைப் பார்த்தது. கை ஜன்னலைக் குத்தியது. குத்தியதைப் பிறகுதான் உணர்ந்தேன். அத்தை அந்தக் கையைப் பிடித்துத் தன் பைமேல் வைத்துக்கொண்டார். மேம்பாலத்தின்மேல் ஏறியதும் மீதிக் கோடு ஓடியது.

"வந்திருச்சு," என்றான் கண்ணாடி போனில். "அசிங்கமா இருக்கு. ஆனா நேரம் தெரியுது."

மண்டபத்தில் பதினோரு மணி தாண்டியிருந்தது. வரிசை வரிசையாக நாற்காலிகள், முன்வரிசையில் மட்டும் சிலர். பெட்டி இன்னும் திறந்திருந்தது. மண்டபத்துக்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டு மகனின் பக்கத்தில் நின்றிருந்தார்.

அத்தை நேராகப் போய் முகத்தைப் பார்த்தார். "என்னடி, இங்கேயும் கால் நீட்ட இடம் பத்தலையா?" என்றார். பிறகுதான் அழுதார்.

மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்களாவது வந்தீங்களே. கம்பெனியில இருந்து நீங்க ஒருத்தர்தான். அத்தனை பேருக்கும் அனுப்பினேன் ஆன்ட்டி. இருபது வருஷம் கூட வேலை செஞ்சவங்க. அம்மா அப்படி என்ன பண்ணிட்டாங்க இவங்களுக்கு?"

சும்மா இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"அந்தப் பக்கம் நான் செஞ்சது," என்றேன். "அதுல தப்பு இருந்தது. நிறையப் பேர் போன்ல நேரமும் இடமும் வரல. அத்தைக்கும் வரல. இப்பதான் சரி பண்ணினேன். அவங்க வராதது உங்க அம்மாவால இல்ல."

அவன் அத்தையின் கையை விட்டான்.

"நீங்க செஞ்சதா?"

"ஆமா."

"எங்க அம்மாவை வச்சா சார் டெஸ்ட் பண்ணுவீங்க?"

அவன் இரண்டடி முன்னால் வந்தான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"வெளியே போங்க."

போனேன். முதுகுக்குப் பின்னால் அத்தையின் குரல் கேட்டது. என்னைப் பற்றி இல்லை. மண்டபத்துக்காரரிடம்.

"மூடாதீங்க. இனிமேதான் வருவாங்க. பேக்கிங் ஆளுங்க எல்லாம் பழைய போன்தான் வச்சிருக்காங்க."

"அடுத்தது பன்னிரண்டுக்கு இருக்கும்மா."

"பன்னிரண்டுக்குத்தானே? அதுவரைக்கும் என்ன அவசரம், பெட்டியில இருக்கிறவளுக்கா?"

வாசலில் இருந்த கல்பெஞ்சில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. கிளையன்ட். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுத்து, "திங்கட்கிழமை சார். வேலையை விட்டு எடுக்கிறதுன்னாலும் திங்கட்கிழமை," என்று வைத்துவிட்டேன்.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. மூச்சு வாங்க ஒரு அம்மா இறங்கினார். சில்லறையைக்கூட வாங்காமல் என்னிடம் ஓடிவந்தார்.

"முடிஞ்சிடுச்சா தம்பி?"

"இல்ல. நேரா போய் வலது பக்கம், ரெண்டாவது கதவு."

அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படி ஏறினார்கள். கேட்கும் முன்பே எழுந்து நின்று சொன்னேன்.

"முடியல. வலது பக்கம், ரெண்டாவது கதவு."