மூன்றாவது பாட்டு

“எனக்கு இந்த ஆல்பம் அவ்வளவா புடிக்கலப்பா” என்று சொல்லிவிட்டு, பாப்பா சண்டைக்குத் தயாராக உட்கார்ந்தாள்.

வேண்டுமென்றே சொன்னதுதான். அப்பா தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஆல்பம் அது. “அதைக் கேக்க உனக்கு இன்னும் வயசு பத்தாது” என்று வருஷக்கணக்காகப் போக்குக் காட்டி, இன்றைக்குத்தான் மனது வைத்து உறையிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார். அதைப் போய்ப் பிடிக்கவில்லை என்றால் மனிதர் சும்மா விடுவாரா? நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டு, “எந்த இடத்துல புடிக்கல, இடத்தைச் சொல்லு” என்று மல்லுக்கு வந்துவிடுவார். பாப்பா அதற்கும் பதில் வைத்திருந்தாள். பாடுகிறவன் தன் குரலில் தானே மயங்கிப்போய் மெட்டைக் கோட்டை விடுகிறான் என்பது அவள் கட்சி.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

“என்ன, கோபமா?” என்றாள்.

இசைத்தட்டின் கடைசி வட்டத்தில் முள் சரக் சரக்கென்று உரசிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் அவர் வாய் லேசாகத் திறந்திருப்பதைப் பார்த்தாள். முழங்காலைத் தொட்டாள். பிறகு கன்னத்தைத் தொட்டாள். அதற்கப்புறம் என்ன செய்தாள், எப்படிக் கத்தினாள் என்பது அவளுக்கே தெரியாது. சமையலறையிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். அடுத்த தெரு டாக்டர், வீட்டில் போட்டிருந்த செருப்போடு வந்து சேர்ந்தார்.

அப்பா டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். வாரத்தில் ஆறு நாள், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்குகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து “கிளட்ச், கிளட்ச்” என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறவர். அதனால் கிளட்ச் வாத்தியார் என்றே பெயர் நின்றுவிட்டது. ஏழாவது நாள் வாயைத் திறக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பழைய ஆல்பம் ஒன்று, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது, காலாட்டக் கூடாது. ஒரு பக்கம் முடிந்தால் பாப்பா பூனை மாதிரி போய்த் திருப்பிப் போட்டுவிட்டு வர வேண்டும். வால்யூமும் அவள் பொறுப்பு. சத்தம் போதவில்லை என்றால் அப்பா கையைத் தூக்குவார். அரைக்கண்ணால் அதைக் கவனித்து அவள் கூட்டுவாள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் பேச்சு. பாப்பாவின் பன்னிரண்டாவது வயதில் ஆரம்பித்த பழக்கம் இது. அன்றைக்கு அவள், “அழுகையா வந்துச்சுப்பா” என்றாள். “அழுகை எல்லாருக்கும்தான் வரும். எந்த இடத்துல வந்துச்சு, அதைச் சொல்லு” என்றார். அவர் சொல்கிற விமர்சனம் எல்லாம் தொழில் பாஷையில்தான் வரும். ஒரு பாடகியைப் பற்றி, “மேட்டுல நிறுத்தின வண்டியை ஒரு அங்குலம் பின்னால போகாம எடுக்கறா பாரு” என்று உருகினார். உலகமே கொண்டாடிய ஒரு பெரிய குழுவை, “எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க, ஒருத்தனும் வழி விடல” என்று ஒரே போடாகப் போட்டார். பாப்பா கல்லூரி நாளில் உயிரை விட்டுக் கேட்ட ஆட்டப் பாட்டு ஆல்பத்துக்கு, “ரிவர்ஸ்லயே ஊரைச் சுத்தறான்” என்றார். அதற்காக அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது, சொந்தமாக மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வீட்டில் ஆஜராகிவிடுவாள்.

“எப்ப ஆச்சு?” என்று டாக்டர் கேட்டார்.

“தெரியல டாக்டர்.”

“நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?”

“பக்கத்துலதான் இருந்தேன்.”

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அப்பாவின் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, “நேரம் ஆயிருக்கு” என்றார். பிறகு, எல்லா வீட்டிலும் சொல்கிற மாதிரி, “பெரிய அட்டாக்கும்மா. தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது” என்றார்.

நேரம் ஆயிருக்கு என்றதும்தான் பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பக்கத்தின் மூன்றாவது பாட்டு. தாளமெல்லாம் நின்றுபோய், பாடுகிறவன் மட்டும் தன்னந்தனியாக மேலே ஏறுகிற இடம். அப்பா கையைத் தூக்கினார். அவள் கூட்டினாள். கூட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு ஒரு தடவைகூட அவர் எதுவும் கேட்கவில்லை. பக்கம் மாற்றப் போனபோது அவர் கால்களை இடித்துவிடக் கூடாதே என்று ஒதுங்கிக்கூடப் போனாள். ரெண்டாவது பக்கம் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து, அவரை எப்படி மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

தம்பி குடும்பத்தோடு வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்து, “எப்படிக்கா?” என்றான்.

“பாட்டு கேட்டுக்கிட்டிருந்தோம். முடிஞ்சதும் பாத்தேன்” என்றாள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தம்பி அதை எடுத்துக்கொண்டு போய் வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லச் சொல்ல, அது தானாக வளர்ந்தது. பிடித்த பாட்டு, பக்கத்தில் பெண், நல்ல தூக்கம் என்று ஆகிவிட்டது.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். பஸ் ஓட்டுகிற பெண்மணி ஒருத்தி யூனிபார்மோடு வந்து பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “கொடுத்து வெச்சவரும்மா. எனக்கும் இப்படி ஒரு சாவு வரணும்” என்றாள். லைசென்ஸ் வாங்குவதற்குள் அப்பாவின் தலைமுடியை நரைக்க வைத்த பேங்க் மேனேஜர், “இன்ஜின் ஆஃப் ஆனதே தெரியாம நிறுத்தியிருக்கார். வாத்தியார் வாத்தியார்தான்” என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பாப்பாவுக்குக் கன்னத்தில் அறை வாங்கினது போல இருந்தது. யாரோ கையில் கொடுத்த டீ ஆடை படிந்து ஆறிப்போயிற்று. அழலாம் என்று பார்த்தால் கண்ணீர் வரவில்லை.

சாயங்காலம் அப்பாவை எடுத்துப் போக வண்டி வந்துவிடும். அதற்குள் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் இந்தக் கதையைத் தலையாட்டிக்கொண்டு கேட்க வேண்டியதுதான். சொன்னாலோ, அம்மா தன் முகத்தில் இனி விழிப்பாளா என்று பயமாக இருந்தது. பாப்பா எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அம்மா தனியாக நின்று, கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களையே எடுத்துத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட்டில் ஒட்டுதல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கச்சேரியை “அப்பனும் மகளும் பண்ற தவம்” என்று கேலி செய்துகொண்டு அந்தப் பக்கமே வர மாட்டாள்.

“அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“அப்பா தூக்கத்துல போகலம்மா. நடுவுல கை தூக்கினார். மூணாவது பாட்டுல. நான் சத்தம் போதலைன்னு நினைச்சு வால்யூமைக் கூட்டிட்டேன். என்னைக் கூப்பிட்டிருக்கார்மா. நான் கூட்டி வெச்சுட்டு, பாட்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டேன்.”

அம்மா குழாயை மூடினாள். திட்டுவாள், அறைவாள், இல்லையென்றால் கட்டிக்கொண்டு கதறுவாள் என்று பாப்பா நின்றாள். அம்மா டம்ளரிலிருந்த தண்ணீரை உதறி, மேடையில் வைத்தாள்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீ சத்தம் வெச்சதும் எனக்கு மண்டையைப் பொளந்துச்சு. இந்தக் கதவைச் சாத்தலாம்னு வந்தேன். நீ கண்ணை மூடிட்டிருந்த. அவர் கை இறங்கல.”

பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“தூக்கினது தூக்கினபடியே இருந்துச்சு. நீ அவ்வளவு வெச்சும் பத்தல போலிருக்கு, இந்த மனுஷனுக்கு எவ்வளவு இருந்தாலும் போதாதுன்னு திட்டிக்கிட்டே சாத்திட்டேன்.”

“அவர் முகம்?”

“முகத்தைப் பாக்கல.”

அம்மாவின் கைகள் ஈரத்தோடு அப்படியே மேடைமேல் கிடந்தன. பாப்பா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் புதிதாக யாரோ வந்திருக்க வேண்டும், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தம்பியின் குரல் கேட்டது.

“வலியே இல்லையாம். விரலைக்கூட அசைக்கல. பாட்டு கேட்டுக்கிட்டே அப்படியே தூங்கிட்டார்.”

“புண்ணியவான்” என்றது ஒரு குரல்.

அம்மா திரும்பிக் கதவைப் பார்த்தாள். கை விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு அது. பாப்பா உள்ளே வந்த பிறகு மெல்ல மெல்ல நகர்ந்து, ஒரு விரல் இடைவெளியில் நின்றிருந்தது. அம்மா போய் அதை முழுசாகத் திறந்தாள். மூலையில் இருந்த தண்ணீர்க் கேனைச் சாய்த்து இழுக்கப் பார்த்தாள். நிறைந்த கேன், நகரவில்லை. பாப்பா போய் மறுபக்கம் பிடித்தாள். ரெண்டு பேருமாகத் தரையோடு இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

அம்மா கதவை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.