சாட்சியில்லாத வியாழக்கிழமை

"மே 9, வெள்ளி. நேற்றைய ஆராதனை வருகைப் பதிவில் ஒரு தவறு செய்திருக்கிறேன். தம்பி பெயருக்கு நேரே 'வந்தார்' என்று குறித்துவிட்டேன். அவன் வரவில்லை."

நோயெமியால் அதற்கு மேல் எழுத முடியவில்லை. மாலைப் பள்ளிக்காக எழுதும் நாட்குறிப்பை மூடிவிட்டு, சபையின் வருகை நோட்டை மறுபடி திறந்தாள். தவறு எப்படி நடந்தது என்பது அவளுக்குத் தெரியும். எப்போதும் வருகிறவர்களுக்கெல்லாம் ஆராதனை தொடங்கும் முன்பே பேனாவால் குறி போட்டுவிடுவது அவள் வழக்கம். ஒன்பது மாதமாகத் தம்பி ஒஸ்மின் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. மூன்றாவது பெஞ்சு, சுவரோரம். நேற்று அந்த இடம் காலியாக இருந்ததைக் கடைசிப் பாட்டின்போதுதான் பார்த்தாள். உடனே திருத்தியிருக்கலாம். மழை பிடித்துக்கொண்டது. யார் குடை யாருடையது என்ற பேச்சில் மறந்துபோனாள்.

வேறு ஊரில் இது பெரிய விஷயமில்லை. இந்தப் பேட்டையில் அந்த நோட்டுதான் ஒஸ்மினின் உயிர்.

தெருமுனையில் உட்கார்ந்து பேட்டையையே மிரட்டி ஆளும் மூலைக்காரர்களின் கும்பலில் சேர்ந்தவன் உயிரோடு வெளியே வர ஒரே ஒரு வழிதான் உண்டு. சபைக்குப் போகலாம். ஆனால் மெய்யாகப் போக வேண்டும். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, சொல்லாமல் ஆராதனைக்கு வராமல் இருக்கக் கூடாது. மூலையில் உட்கார்ந்தபடி அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். போன மழைக்காலத்தில் அப்படி வெளியே வந்த ஒருவனை பீர் பாட்டிலோடு பார்த்தார்கள். அவனுடைய பைபிளையும் செருப்பையும் அவன் அம்மா வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். அவனைக் கொண்டுவரவில்லை.

காலையில் ஒஸ்மின் அவள் பீன்ஸ் வைத்து மடித்துச் சுட்ட பலேயாதா ரொட்டியில் நான்கைத் தின்றான். பீன்ஸ் சட்டி காலியாகிவிட்டது. வாசலில் கிடந்த அவன் காலணியில் கணுக்கால் வரை சேறு.

"நேத்து எங்கடா போன?"

"இங்கதான்."

"இங்கன்னா எங்க?"

"அக்கா, இன்னொண்ணு இருந்தா குடு. விசாரணைன்னா நான் கிளம்புறேன்."

கிளம்பியும் விட்டான். டயர் கடையில் எட்டு மணிக்கு வேலை. நோயெமி அவன் சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். பீர் வாசனை இல்லை. பெண் வாசனையும் இல்லை. அப்படி மோந்து பார்த்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெட்கம் வந்தது.

மதியம் பக்கத்து வீட்டு தெல்மி துணி துவைக்கும் தொட்டியருகே வந்து நின்றாள். சபையில் சத்தமாகப் பாடுகிறவள். இன்று குரல் தாழ்ந்திருந்தது.

"ஓணான் என்னை வழிமறிச்சான்டி. நேத்து எத்தனை பேரு வந்தீங்கன்னு கேக்குறான். தலை எண்ணுறதுக்கு நான் என்ன மாட்டுச் சந்தையா வச்சிருக்கேன்னு கேட்டேன். சிரிச்சான்."

"அப்புறம்?"

"அவனே எண்ணியிருக்கான். இருபத்தாறுன்னான். நோட்டுல எவ்வளவுன்னு சாயங்காலம் வந்து பாக்குறானாம்."

நோட்டில் இருபத்தேழு.

ஓணான் மூலைக்காரர்களின் கண். முப்பது வயதிருக்கும். குரலை உயர்த்த மாட்டான். அவன் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்தத் தெருவில் நாய்கூடக் குரைக்காது.

நோயெமி கட்டிலருகே முழங்காலிட்டாள். ஜெபம் வரவில்லை, எண்தான் வந்தது. இருபத்தேழு, இருபத்தாறு. குறியை அடித்துவிட்டால் தம்பி வரவில்லை என்று தானே எழுதிக் கொடுத்ததாகும். விட்டுவைத்தால் சபையின் நோட்டு பொய் சொல்கிறது. அதை நம்பி மூலையை விட்டு வந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். எது பயம், எது நேர்மை என்று அவளால் பிரிக்க முடியவில்லை. குறியைத் தொடாமலே நோட்டை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனாள்.

ஐந்து மணி ஆராதனைக்கு ஒஸ்மின் வந்தான். பின்னாலேயே ஓணானும் வந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான். தகரக் கூரைக்குக் கீழே அன்று பாட்டு எடுபடவில்லை. தெல்மியின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. போதகர் அப்தியாஸ் ஒரே வசனத்தை இரண்டு முறை வாசித்தார்.

முடிந்ததும் ஓணான் முன்னே நடந்து வந்தான்.

"பாஸ்டர், நோட்டைக் கொஞ்சம் பாக்கலாமா?"

போதகர் பதில் சொல்லும் முன்பே நோயெமி எழுந்துவிட்டாள்.

"அதுல தப்பு இருக்கு. நான்தான் தப்பாப் போட்டேன். நேத்து என் தம்பி வரல."

ஓணான் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தான்.

"நல்ல அக்கா. கூடப்பொறந்தவனையே காட்டிக் குடுக்குற."

"கர்த்தரோட இந்த வீட்டுக்குள்ள பொய் சொல்லி உங்கிட்ட இருந்து தப்பிச்சா, அப்புறம் ஓடி வர்றதுக்கு எங்களுக்கு வேற இடம் கிடையாது." அவள் நோட்டைத் திறந்து நீட்டினாள். தான் சொன்னது சரியா என்பதே அவளுக்கு நிச்சயமில்லை.

ஒஸ்மின் எழுந்து நின்றான். "மலையில இருந்தேன். காலையில இருந்து இருட்டுற வரைக்கும். உபவாசம்."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல."

"அக்காகிட்டகூடச் சொல்லலியா?"

"உபவாசம் இருந்தா வெளிய காட்டிக்காதீங்கன்னு போன ஞாயிறு பாஸ்டர் பிரசங்கம் பண்ணாரு. அதான் சொல்லல."

போதகர் கண்களை மூடிக்கொண்டார்.

"திடீர்னு என்ன உபவாசம்?"

ஒஸ்மின் ஒரு அடி முன்னால் வந்தான். எங்கே உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்தே உட்காருகிறவன் அவன். மூலையில் இருந்த காலத்துப் பழக்கம். இப்போது வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"ஒன்பது மாசமா உங்களுக்குப் பயந்துதான் இங்க வந்தேன். பாடினது, கையத் தூக்கினது, எல்லாம் உங்களுக்காகத்தான். நேத்துதான் முதல் தடவையா அவரைத் தேடிப் போனேன்."

"அப்ப ஒன்பது மாசமா எங்களை ஏமாத்தியிருக்க."

"ஆமா."

"இதைச் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்."

ஓணான் தொப்பியைத் தலையில் வைத்து, முன்பக்கத்தை இரண்டு விரலால் சரிசெய்தான்.

"அந்த இடத்தைக் காட்டு. நாளைக்கு, விடியறதுக்கு முன்னாடி. அவரு என்னதான் சொல்றாருன்னு நானும் கேக்குறேன்."

விடியும் முன் ஓணானோடு மலை ஏறியவர்கள் எத்தனை பேர், இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"நானும் வர்றேன்" என்றாள் நோயெமி.

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. இந்தத் தடவை தப்பில்லாம வருகை எடுக்கணும்ல."

ஓணான் சிரித்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் போன பிறகும் வெகுநேரம் யாரும் இடத்தை விட்டு அசையவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள், "பயமா இல்லையாடா?"

"இருக்கு." தேங்கிய மழைநீரைத் தாண்டி நடந்தான். "நேத்து மேல மழை வந்துச்சு. ஒதுங்க ஒரு மரம்கூட இல்ல. நனைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். யாரோ பக்கத்துல இருந்தாங்க, அக்கா. எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும். அப்ப பயம் இல்ல. இப்ப திரும்ப வந்துடுச்சு. ஆனா அந்த இடம் அங்கதான் இருக்கு."

அவன் சொல்வது மெய்தானா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டாள். பதில் தெரியவில்லை. ஆனாலும், மதியம் வராத ஜெபம் அந்தச் சேற்றுப் பாதையில் நடந்தபடியே வந்தது. ஒரே வரிதான். எங்களை விடாதேயும்.

நாளை சனி. நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். மலையில் நாளையும் உபவாசம் என்பதால் அடுப்பு மூட்ட வேண்டாம். மூன்று பாட்டிலில் தண்ணீர் நிரப்ப வேண்டும், ஓணானுக்கும் ஒன்று.