டெல்லியிலிருந்து கேட்க வந்தவர்கள்

வெள்ளைச் சட்டையில் முருகையனைப் பார்க்கப் பங்கஜத்துக்கு யாரோ ஒரு வேற்று மனிதர் வீட்டுக்குள் நிற்பது போலிருந்தது. ஏட்டு முருகையன் வேலை விஷயமாகக் கிளம்பினால் காக்கிதான். கல்யாணம், சாவு, கோயில் என்றால் வேட்டி சட்டை. இன்று இந்த இரண்டிலும் சேராத இடத்துக்குப் போகிறார். கண்ணாடி முன்னால் நின்று காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "தொப்பி இல்லாம தலையில இன்னாவோ கொறையற மாரி கீது" என்றார். மகள் மதுமதி பள்ளிக்கூடம் போயிருந்தாள். போலீஸ் குவார்ட்டர்ஸ் வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டும் பங்கஜம் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கவில்லை. ஏட்டு ஏன் மப்டியில் கிளம்பியிருக்கிறார் என்று கீழே எவளாவது கேட்டால் சொல்ல அவளிடம் பொய் தயாராக இல்லை.

டெல்லியிலிருந்து எம்.பி.க்கள் சிலர் வந்திருந்தார்கள். போலீஸ்காரர்கள் நேர்மையாக நடந்துகொள்கிறார்களா என்று கண்காணிக்க நாடாளுமன்றத்தில் நிரந்தரமாக ஒரு குழு வேண்டும் என்று பேச்சு எழுந்து, அதை எப்படி அமைப்பது என்று ஊர் ஊராகக் கேட்டுவர இவர்களை அனுப்பியிருந்தார்கள். இதையெல்லாம் பங்கஜத்துக்கு விளக்கியவர் வக்கீல் ஸ்ரீரங்கன். மயிலாப்பூர்க்காரர், தலை முழுக்க நரைத்தவர், குவார்ட்டர்ஸ் மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவள் கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்தவர். "கதவைச் சாத்திண்டுதான் கேப்பா. பேர் வெளில வராது. கோதண்டபாணின்னு நம்மூர் எம்.பி. ஒருத்தர் அந்தக் குழுவுல இருக்கார், எனக்கு வாக்குக் குடுத்திருக்கார். ஏட்டு, மத்தவா எல்லாரும் ஸ்டேஷன்ல செத்துப்போன அந்தப் பையன் தானே தூக்குல தொங்கினான்னு சொல்லிட்டா. நீங்க ஒருத்தர்தான் மிச்சம்" என்றார். முருகையன் முடியாது என்று தலையாட்டினார். வக்கீல் போன பிறகு பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தது பங்கஜம்தான்.

அவளுக்கு நாடாளுமன்றம் பெரிதில்லை. வீட்டில் இருக்கும் மனிதர்தான் பெரிது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் புறப்பாட்டன்று அவருக்குக் கோயில் பந்தோபஸ்து போட்டிருந்தார்கள். ஸ்டேஷன் பாராவில் காவல் நிற்கவேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் இவரை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்; பதிவேட்டில் மாற்றி எழுதவில்லை. அன்று மாலை மெஹபூப் அலி என்ற பையனைக் கொண்டுவந்தார்கள். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் புடவைகள் எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறான். அவன் போன பிறகு அங்கே ஒரு சங்கிலியைக் காணவில்லை. விடிவதற்குள் பையன் இறந்துபோனான். பின்னால் நடந்த விசாரணையில் முருகையனை யாரும் கூப்பிடவில்லை. பதிவின்படி அவர் அன்று கோயில் வாசலில் நின்றிருந்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால் சோறு காயும் வரை பிசைந்துகொண்டே இருந்தார். டி.வி.யில் யாராவது அலறினால் எழுந்து போய் மொட்டை மாடியில் நின்றார். துண்டு துண்டாகத்தான் அவளிடம் சொன்னார். இன்ஸ்பெக்டர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனதை ஒரு நாள். சத்தம் நின்றதை இன்னொரு நாள்.

நடுவில் ஒருமுறை எல்லாரும் டீ குடிக்க வெளியே வந்தபோது பையன் கம்பிக்குள்ளிருந்து இவரைக் கூப்பிட்டிருக்கிறான். தண்ணீர் கேட்பான் என்று நினைத்து இவர் சொம்போடு போயிருக்கிறார். அவன் வேறொன்று கேட்டிருக்கிறான். "சார், நான் இங்க கீறேன்னு எங்கம்மாவுக்குத் தெரிய வாணாம் சார். கடை சரக்கெடுக்க காஞ்சிபுரம் போயிட்டேன்னு சொல்லிடுங்க." அவர்கள் வீட்டுக்குக் கீழே இருந்த மருந்துக்கடை நம்பரையும் சொல்லியிருக்கிறான். முருகையன் ஸ்டேஷன் போனிலிருந்தே கூப்பிட்டுத் தகவல் சொல்லிவிட்டார். "அது ஒண்ணாவது செஞ்சேன்" என்று பங்கஜத்திடம் சொல்லும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் நிமிரும். அவளும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவரோடு குடும்பம் நடத்தினாள். சொல்லவேண்டிய இடத்தில் முழுக்கச் சொல்லிவிட்டால் மனசிலிருந்து இறங்கிவிடும், பழைய மனிதர் திரும்பிவிடுவார் என்று நம்பினாள்.

அடையாறு பக்கம் ஓர் அரசு விருந்தினர் மாளிகையில் விசாரணை. காம்பவுண்டுக்குள் பெரிய தூங்குமூஞ்சி மரம். முருகையனை உள்ளே அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கன் போனார். மர நிழலில் போட்டிருந்த பெஞ்சில் பங்கஜம் உட்கார்ந்தாள். மறுமுனையில் கறுப்பு புர்காவின் முகத்துணியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு ஓர் அம்மாள் இருந்தாள். அவள்தான் மெஹபூப் அலியின் தாய் அஸ்மத்துன்னிசா என்று வக்கீல் சொல்லிவிட்டுத்தான் போனார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

அப்போது வாசல் பக்கமிருந்து ஓர் அதிகாரி நடந்துவந்தார். அன்றைக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவர். இப்போது அசிஸ்டென்ட் கமிஷனர், எம்.பி.க்களின் பாதுகாப்பு அவர் பொறுப்பில். பங்கஜம் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டாள். அவர் சிரித்தார். "உக்காருங்கம்மா. நல்லா இருக்கீங்களா? பொண்ணு ப்ளஸ் டூ தானே? சாந்தோம்ல இறங்கி நடந்து போகுது, பாத்தேன். ட்ராஃபிக் ஜாஸ்தி, பாத்துப் போகச் சொல்லுங்க" என்றார். குரலில் ஒரு கடுமையும் இல்லை. பக்கத்திலிருந்த அஸ்மத்துன்னிசாவை அவர் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுப் பெண்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் வந்தது. இருவரும் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அஸ்மத்துன்னிசா தானாகப் பேச ஆரம்பித்தாள். மகன் குழம்பில் உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கித் தின்பதைச் சொன்னாள். கடையில் புடவை மடித்து மடித்து வீட்டில் போர்வையைக்கூட விசிறி மடிப்பு மடிப்பான் என்றாள். பிறகு அந்த மருந்துக்கடைக்கு வந்த போனைப் பற்றிச் சொன்னாள்.

"காஞ்சிபுரம் போயிட்டான்னு சொன்னாங்க. சரின்னு சாப்டு படுத்துட்டேன்மா. நல்லா தூங்கினேன். எங்க வூட்லேர்ந்து அந்த ஸ்டேசனு நடக்கற தூரம்தான். தெரிஞ்சிருந்தா ஓடியாந்து காலைப் புடிச்சிருப்பேன். பெத்தவ வாசல்ல நின்னு கத்தினா அவ்ளோ தூரம் அடிப்பாங்களா? போன் பண்ணவன் யாருன்னு ரெண்டு வருசமா கேட்டுக்கினு கீறேன். அவன்தான் எம்புள்ளய கொன்னது."

பங்கஜம் சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த அம்மாவுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் சொன்னால் இறங்கிவிடும் என்று புருஷனை உள்ளே அனுப்பிவிட்டு, தான் மட்டும் வெளியே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளால் முடியவில்லை.

"எங்க வூட்டுக்காரருதான் போன் பண்ணாரு. உங்க புள்ளதான் அப்டி சொல்லச் சொல்லிச்சு. அம்மாவுக்குத் தெரிய வாணாம்னு கெஞ்சிச்சாம்" என்றாள்.

அஸ்மத்துன்னிசா அவளையே பார்த்தாள். கோபம் வரும், அழுகை வரும் என்று பங்கஜம் காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை. அந்த அம்மாள் முகத்துணியை இறக்கிவிட்டுக்கொண்டாள். எழுந்து, நிழலைத் தாண்டி, காம்பவுண்டுச் சுவரோரம் வெயிலில் போய் நின்றுகொண்டாள். உள்ளே கூப்பிடும்வரை அங்கேயே நின்றாள்.

முருகையன் வெளியே வந்தபோது பத்து வயது குறைந்தவர்போல் இருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். குறுக்கே பேசாமல் கேட்டார்களாம். பேசி முடித்ததும் கோதண்டபாணி எம்.பி. எழுந்து நின்று கும்பிட்டாராம். "ஏட்டை ஒரு எம்.பி. நின்னுகினு கும்பிடறாரு பங்கஜம்" என்று பஸ்ஸில் இரண்டு தடவை சொன்னார். மயிலாப்பூரில் இறங்கி, குளத்துப் பக்கம் ஒரு ஓட்டலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். ரவா தோசையைக் கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டார். அவள் அசிஸ்டென்ட் கமிஷனர் பேசியதைச் சொல்லவில்லை. அஸ்மத்துன்னிசா சொன்னதையும் சொல்லவில்லை. சாம்பாரில் இட்லியை ஊறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம், தொண்ணூற்றேழு டிசம்பரில், மக்களவை கலைந்தது. செய்தியைக் கேட்டபோது அதற்கும் தன் வீட்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகப் பங்கஜத்துக்குத் தோன்றவேயில்லை. ஸ்ரீரங்கன் வந்து சொன்னபிறகுதான் புரிந்தது. சபை போனால் அது அனுப்பிய குழுவும் போயிற்று. அறிக்கை எழுதி முடிக்கவில்லை. முருகையன் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பரவாயில்லை, சொன்னது சொன்னதுதானே என்றார். ஆனால் அவர் சொன்னதன் நகல் ஒன்று, போலீஸ் இலாகாவின் கருத்தைக் கேட்கும் வழக்கமான முறைப்படி, முன்னாலேயே இங்கே கமிஷனர் ஆபீசுக்கு வந்துவிட்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டதை யாரோ ஒரு குமாஸ்தா தபாலில் சேர்த்திருந்தார்.

பொங்கல் கழித்து மெமோ கொடுத்தார்கள். அவரை யாரும் மிரட்டவில்லை, திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான். பதிவின்படி அன்று அவர் கோயில் பந்தோபஸ்தில் இருந்தார். அது உண்மையென்றால் எம்.பி.க்களிடம் சொன்னது பொய். எம்.பி.க்களிடம் சொன்னது உண்மையென்றால், போட்ட இடத்தில் நிற்காமல் டியூட்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டில் எதுவானாலும் தண்டனை உண்டு. எது என்று அவரே எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள்.

குவார்ட்டர்ஸில் தண்ணீர் லாரி வரும்போது பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வரிசையில் வைத்த அவள் குடம், அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கடைசிக்குப் போயிருக்கும். மதுமதி பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் தினமும் ஒரே ஆள் ஏறுவதாகச் சொன்னாள். பேசுவதில்லை, இடிப்பதில்லை, சாந்தோமில் இறங்கிப் பின்னால் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போகிறான். பங்கஜம் மகளைத் திண்டிவனத்தில் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பரீட்சை எழுத முடியவில்லை. சித்திரை முடிவதற்குள் முருகையனுக்குக் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். மந்தவெளியில் ஒரு சந்தில் ஒற்றை அறை கிடைத்தது. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வாட்ச்மேன் வேலைக்குப் போக ஆரம்பித்தார். அவர் மறுபடி பேசாத மனிதராகிவிட்டார். இந்தத் தடவை அவளிடம் துண்டு துண்டாகச் சொல்லக்கூட அவரிடம் ஒன்றும் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் ஸ்ரீரங்கன் அந்தச் சந்தைத் தேடிப்பிடித்து வந்தார். முகத்தில் ஒரு பரபரப்பு. புதுச் சபையில் மறுபடி அந்தப் பேச்சு வந்திருக்கிறதாம். புதுசாக ஒரு குழு போட்டிருக்கிறார்களாம். கோதண்டபாணி தேர்தலில் தோற்றுவிட்டார். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் வேறு.

"முன்னாடி சொன்னதெல்லாம் இன்னா சார் ஆச்சு?" என்று கேட்டாள் பங்கஜம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது அந்தச் சபையோட போச்சும்மா. இவா ஆரம்பத்துலேர்ந்து கேப்பா. ஏட்டு இன்னொரு தரம் வந்து சொல்லணும்."

"அந்த அம்மா வராங்களா?"

"வேலூர்ப் பக்கம் போயிட்டா. விலாசம் குடுக்க மாட்டேன்னுட்டா" என்றார். ஏன் என்று தனக்குப் புரியவில்லை என்றும் சொன்னார். பங்கஜம் தரையைப் பார்த்தாள். போகும்போது அவர் படியில் நின்று, தான் இவர்களை இதில் இழுத்துவிட்டோமோ என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல் குடையை விரித்துக்கொண்டு போனார்.

முருகையனிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி அவள் சோற்றைக் கட்டிக்கொண்டு தியாகராய நகர் பஸ் ஏறினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறாள். ஆனால் அவர் நிமிர்ந்து, போகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. நிமிராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பயமாக இருந்தது.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. கடை வாசலில் கயிறு கட்டி, உள்ளே இருப்பவர்கள் வெளியேற வெளியேறக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை விட்டுக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முருகையன் நின்றார். கடை கொடுத்த நீலச் சட்டை தோளில் தொங்கியது. வாயில் விசில். பங்கஜம் ஓரமாகப் போய் அவரைக் கூப்பிடப் பார்த்தாள். அதற்குள் பின்னாலிருந்து கூட்டம் நெருக்கி, கூடையோடு அவளை வரிசைக்குள் தள்ளிவிட்டது.

விசில் கேட்டது. கயிறு மேலே போயிற்று. "வாங்கம்மா, சீக்கிரம் வாங்க, உள்ள போங்க" என்று எல்லாரையும் சொல்வதுபோல் அவளையும் சொன்னார் முருகையன். அவர் கண் அவள் தலைக்கு மேலே, இன்னும் எத்தனை பேர் என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அவருடைய கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.

உள்ளே குளிர்ந்தது. ஒரு பெண் சிரித்தபடி எதிரே வந்து, எந்த மாதிரி பார்க்கிறீர்கள் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு புடவையை உதறி விரித்தாள். பங்கஜம் சூடு ஆறாத சோற்றுக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கயிறு மறுபடி இறங்கியிருந்தது. அவருடைய முதுகு தெரிந்தது.