துடிப்புக்கு ஒரு தையல்

தையல்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து நாளும் வீட்டில் அவருடைய மிஷினை அவர் இதயம்தான் ஓட்டியது. மிதிக்க ஆளில்லை, துடிப்புக்கு ஒரு தையல் விழுந்தது.

எல்லாம் ஒரு கரண்டியால் வந்த வினை. வீட்டிலிருந்த ஒரே கரண்டியால் அன்று காலை அவர் மிஷினுக்கு எண்ணெய் விட்டிருந்தார். டீயில் எண்ணெய் நாறுமே என்று அவர் மனைவி வேலியோரத்து அரளியில் ஒரு குச்சியை ஒடித்து, பட்டையை உரித்து, அதைக்கொண்டு சர்க்கரையைக் கலக்கிக் கொடுத்தாள். எண்ணெயோடு குடித்திருந்தால் வயிறு கடமுடா என்றிருக்கும், அவ்வளவுதான். பத்து மணிக்கு வாந்தி. பதினொன்றுக்கு, வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்து, "இதென்ன, மஞ்சளாத் தெரியுது?" என்றபடி சாய்ந்தார்.

"அரளி விஷம் இதயத்தோட தாளத்தையே குலைச்சிடும்மா. மெதுவாகும், விட்டுவிட்டு அடிக்கும், சில சமயம்..." என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார். வார்டுக்குள் யாரையும் விடவில்லை. நாத்தனாரை வாசலில் உட்காரவைத்துவிட்டு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், மிஷின் ஓடுவதைக் கண்டாள். தையல்களை எண்ணிப் பார்த்ததும் அது அவர் நாடி என்று புரிந்துவிட்டது. அந்த வெள்ளைத் துணியை ஊசிக்கடியில் ஒரே சீராக இழுத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தையல், ஓர் இடைவெளி, கடகடவென்று மூன்று, மறுபடி நீண்ட இடைவெளி. ஒவ்வோர் இடைவெளியிலும், "பாவி, என் கையாலயே கலக்கிக் குடுத்தேனே" என்று அழுதாள்.

நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, நாடி நாப்பதுக்கு வந்துடுச்சாம். பயமா இருக்கு."

"முப்பத்தெட்டு," என்றாள் இவள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஊசி மேலேயே நின்றுவிட்டது. அவள் காத்திருந்தாள். இறங்கவில்லை. மிதிகட்டையில் காலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். ஒரு தையல் விழுந்தது. இன்னொன்று. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கால் நின்றால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, மிதித்தாள். மூன்றரை மணிக்கு மிதிகட்டை தானாக எழுந்து அவள் காலைத் தள்ளியது. அப்போதுதான் போனை எடுத்தாள்.

"நின்னேபோச்சுன்னாங்க அண்ணி! அப்புறம் என்னமோ சீரா அடிக்க ஆரம்பிச்சுதாம்."

"கால் வலிக்குதுடி," என்று மட்டும் சொன்னாள்.

அவர் திரும்பி வந்து ஒன்பது வருஷமாகிறது. மிஷின் இன்னும் நிற்கவில்லை. வீட்டில் இப்போது நான்கு கரண்டிகள் இருக்கின்றன. அவர் மாடியேறும்போது மிஷின் வேகமெடுக்கும். நீளமான தையல்களையெல்லாம் அவள் அந்த நேரத்துக்கென்று எடுத்துவைத்திருக்கிறாள்.